பிரேக் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய கார். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், ஏபிஎஸ் கிடையாது. முதல் மிதிக்கு பெடல் பாதிக்கு மேல் உள்ளே போகிறது. உடனே இன்னொரு மிதி கொடுத்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறது.

டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ப்ளீட் பண்ணி (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி) ஆயிற்று. டியூபில் குமிழ் வரவில்லை. கசிவும் இல்லை. மெக்கானிக் மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பகுதி) மாற்றச் சொல்கிறார். ஆனால் இன்ஜின் ஓடும்போது பெடலை அழுத்திப் பிடித்தால் அது மெல்ல இறங்குவதில்லை, அப்படியே நிற்கிறது. உள்ளே ரப்பர் போயிருந்தால் பெரும்பாலும் இறங்குமே?

என் சந்தேகம் பின் டிரம்மில்தான். ஷூ (டிரம்மின் உள்பக்கம் அழுத்தி உரசும் பிரேக் கட்டை) தேய்ந்து அதற்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டால் முதல் மிதி அதை நிரப்பவே சரியாகப் போய்விடும். ஹேண்ட்பிரேக் பின் ஷூவை டிரம் பக்கம் தள்ளும் என்பதால், அதை லேசாக இழுத்து வைத்து மிதித்தேன். முதல் மிதியே மேலே பிடித்தது! டிரம்மைக் கழற்றினால், தானாக இடைவெளி குறைக்க வேண்டிய அட்ஜஸ்டர் துருவேறி இறுகிக் கிடக்கிறது, மரை கொஞ்சமும் அசையவில்லை.

துரு இளக்கி ஊற்றித் திருப்பிப் பார்க்கலாமா, இல்லை இரண்டு பக்கமும் புது அட்ஜஸ்டர் போடுவதுதான் நல்லதா? ஷூவையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா? குழந்தைகள் ஏறுகிற வண்டி, சரியாகும்வரை வெளியே எடுக்கப்போவதில்லை. இந்த வேலையைக் கையால் செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.