பழனி பாதயாத்திரை வழியில் கிராமச் சுற்றுலா: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒட்டன்சத்திரம் பழனி சாலையை ஒட்டிய எங்கள் ஊரில் சின்ன அளவில் கிராமச் சுற்றுலா தொடங்கலாமா என்று மகளிர் சுயஉதவிக் குழுவினரோடு பேசிக்கொண்டிருக்கிறோம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பாதயாத்திரைக் கூட்டம் அலைமோதும். கூட்டம் போனபின் பார்த்தால் வாய்க்கால் நெடுக அன்னதானத் தட்டும் தண்ணீர் பாக்கெட்டும்தான். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, ஆனால் சாலையோரத்துக்கு அது தெரியாது போல. மற்ற மாதங்களில் ஈ காக்காய் கிடையாது.

அந்த மாதங்களில்தான் குடும்பமாக வருபவர்களை ஓரிரு நாள் தங்கவைக்க நினைக்கிறோம். பக்கத்தில் விருப்பாச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் கோபால் நாயக்கரின் மணிமண்டபம், தலையூத்து அருவி, பஞ்சாமிர்தத்துக்குப் போகும் மலைவாழைத் தோட்டங்கள் இருக்கின்றன.

வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்தவர்கள் இருக்கிறீர்களா? என்னென்ன ஆவணங்கள் கேட்டார்கள்? கழிப்பறைதான் பெரிய கவலை: இரட்டைக்குழி முறை (ஒரு குழி நிறைந்ததும் மற்றதுக்கு மாற்றுவது) திருவிழாக் கூட்டத்தைத் தாங்குமா, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டுமா? அப்புறம், வருமானத்தை வீடுகளுக்குள் சண்டையில்லாமல் எப்படிப் பிரித்தீர்கள்?

ரிசார்ட் போடச் சொல்பவர்கள் மன்னிக்கவும். நிலம் கைமாறாமல் இருக்கத்தான் இவ்வளவு பாடும்.