டைகர் டாங்கி செய்வது போரைக் கொண்டாடுவதா?

பசைவிரல்:
இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் டாங்கி டைகர், 1:35 அளவு (35-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாதிரி, ஒருவழியாக முடிந்தது. நிஜ டாங்கியின் உடல் நீளம் 6.3 மீட்டர், என் மேசையில் 18 சென்டிமீட்டர். சக்கரங்களுக்கே இரண்டு வாரம் போனது.

சாம்பல்நிறம்:
வேலைப்பாடு அருமை. ஆனால் ஒன்று கேட்கிறேன். டைகரின் முதல் வகை மொத்தமே சுமார் 1,350தான் தயாரானது. எதிரணி சோவியத்தின் டி-34 டாங்கி போர்க்காலத்தில் மட்டும் 50,000க்கு மேல். இந்தக் குழுவில் வரும் மாதிரிகளின் படங்களைப் பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கிறது. டைகரைத் தயாரித்த, ஜெர்மனியின் காசல் நகர ஹென்ஷெல் ஆலையில் கட்டாயத் தொழிலாளர்களையும் வைத்து வேலை வாங்கினார்கள். நாமோ துருவுக்கு எந்த நிறம் என்று மட்டும் வாதாடுகிறோம்.

பசைவிரல்:
டைகர்மேல் இருந்த மயக்கம் அதைச் செய்யும்போதுதான் எனக்குத் தெளிந்தது. சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். உள்வரிசையில் ஒன்றை மறந்துவிட்டு, அதை மாட்ட வெளியே நான்கைக் கழற்றினேன். ரஷ்யக் குளிரில் இடையே சேறு உறைந்து வண்டி நகராமல் நின்றது ஏன் என்று அப்போது புரிந்தது. பெட்டிமேல் உள்ள படத்தில் அது வெல்லமுடியாத மிருகம். கையில் எடுத்தால் பராமரிப்பாளரின் தலைவலி.

ஏர்பிரஷ்:
1:35 என்ற அளவே ஜப்பானிய மாதிரி நிறுவனமான தமியாவின் பாந்தர் (இன்னொரு ஜெர்மன் டாங்கி) கிட்டில், அதாவது ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் பெட்டியில், மோட்டாரும் பேட்டரியும் அடங்கவேண்டும் என்று வந்ததுதான். பொம்மையாகப் பிறந்தது. இவ்வளவு பாரம் ஏற்றவேண்டாமே.

சாம்பல்நிறம்:
பொம்மையாகவே இருந்திருந்தால் சும்மா இருப்பேன். ஒவ்வொரு ஆணியும் உண்மையாக இருக்கவேண்டும் என்று அடம்பிடிப்பது நாம்தானே? பசைவிரல், பராமரிப்பாளரின் வலி உங்களுக்குப் புரிந்தது, நல்லது. அந்த 88 மி.மீ. பீரங்கியின் வாய் இந்த அளவில் 2.5 மி.மீ. அதற்கு எதிரே நின்றவர் உங்கள் கிட்டில் எங்கே?

ஏர்பிரஷ்:
பிணத்தை வைக்கச் சொல்கிறீர்களா? அதை அழகாக வர்ணம் பூசி ரசிப்பது இன்னும் மோசம்.

சாம்பல்நிறம்:
பிணம் வேண்டாம். டாங்கியை நிறுத்தியிருக்கும் அடித்தளம் வெறும் புல்லாக இருக்கிறது. அந்த டாங்கி யாருடைய ஊருக்குள் நிற்கிறது என்றாவது தெரியட்டும்.

பசைவிரல்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. டைகரை அலமாரியிலிருந்து இறக்கமாட்டேன், அதில் மாற்றமில்லை. புல்லைப் பெயர்த்துவிட்டு ஒரு வீட்டின் இடிந்த சுவரும் கதவும் செய்து பார்க்கிறேன். பிளாஸ்டரில் செங்கல் கீற யாருக்காவது வழி தெரியுமா?

சாம்பல்நிறம்:
முழுதும் காய்வதற்குள் கீறுங்கள். ஊசிமுனை போதும்.