யூதர்களின் நம்பிக்கையில் நம் அன்றாடத்துக்கு எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

திருப்பூர்_மெர்ச்சன்டைசர் எழுதியது:

வணக்கங்க எல்லோருக்கும். நான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசர். எங்கள் பையர்களில் ஒருவர் நியூயார்க்கில் இருக்கும் யூதர், ஆசாரத்தை முழுக்கக் கடைப்பிடிப்பவர். அங்கே வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது போனை வைத்தார் என்றால் சனிக்கிழமை இருட்டின பிறகுதான் எடுப்பார். நம் கணக்குக்கு சனி விடியற்காலையிலிருந்து ஞாயிறு காலை வரை. சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏற நிற்கிறது என்றாலும் சரி, ஷேட் ஓகே ஆகாமல் சாயப்பட்டறையில் துணி காத்துக் கிடக்கிறது என்றாலும் சரி, பதில் ஞாயிறுதான். இவ்வளவு பெரிய வியாபாரம் செய்கிற மனிதர் வாரம் தவறாமல் ஒரு நாளை இப்படிப் பூட்டி வைக்கிறார் என்றால் அதற்குப் பின்னால் என்ன நம்பிக்கை இருக்கிறது?

மோசே, பத்துக் கட்டளை என்று பைபிள் வழியாகக் காதில் விழுந்ததுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் அடிப்படையில் எதை நம்புகிறார்கள், மறுபிறவி உண்டா, "தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள்" என்று சொல்லிக்கொள்வது என்ன கணக்கு? சீசனில் ஞாயிறு கூட இல்லாமல் ஓடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு அதில் ஏதாவது உதவுமா? இஸ்ரேல் அரசியலை நான் கேட்கவில்லை, அதை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பீளமேடு_வாசகர் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. பல வருஷமாக இதைப் படித்து வருகிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கடவுள் ஒருவர், அவருக்கு உருவமில்லை. இதுதான் அஸ்திவாரம். "இஸ்ரயேலே கேள், நம் கடவுள் ஒருவரே" என்று உபாகமம் என்ற வேதநூலின் 6-ஆம் அதிகாரத்தில் வரும் வரியைக் காலையும் இரவும் சொல்வார்கள், ஷெமா என்று அதற்குப் பெயர். அதையே தோல் சுருளில் கையால் எழுதி, சின்னக் கூட்டில் வைத்து வாசல் நிலையில் அடித்திருப்பார்கள். வீட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் அதை விரலால் தொட்டு முத்தமிடுகிறவர்கள் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற அறிஞர், ஸ்பெயினில் பிறந்து எகிப்தில் வைத்தியராக இருந்தவர், நம்பிக்கைகளைப் 13 கோட்பாடுகளாகத் தொகுத்தார். மெசியா என்ற மீட்பர் வருவார், இறந்தோர் எழுவர் என்பதெல்லாம் அதில் உண்டு. மறுபிறவி அதில் இல்லை. கபாலா என்ற ஞானமரபினர் மட்டும் அதைப் பேசுகிறார்கள். ஆனால் நடைமுறையில் "என்ன நம்புகிறாய்" என்பதை விட "இன்றைக்கு என்ன செய்தாய்" என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. தோரா என்ற அவர்கள் வேதத்தில் (மோசேயின் ஐந்து நூல்கள்) 613 கட்டளைகள் இருப்பதாக மரபு. அவற்றில் கோயில் சம்பந்தப்பட்டவை போக மீதி சாப்பாடு, கூலி, எடைக்கல், கடன், விதைப்பு, அடுத்தவன் மாடு வழிதவறி வந்தால் என்ன செய்வது என்று போகும்.

"தேர்ந்தெடுக்கப்பட்ட" என்பதைப் பலர் மேட்டிமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் நூல்களைப் பார்த்தால் அது சுமை. மற்ற மனிதர்களுக்கு நோவாவின் ஏழு விதிகள் போதும், இவர்களுக்கு மட்டும் 613. ஆமோஸ் தீர்க்கதரிசி, உங்களைத் தெரிந்துகொண்டதால்தான் உங்கள் குற்றங்களுக்கு உங்களைத் தண்டிப்பேன் என்று கடவுள் சொல்வதாக எழுதுகிறார். மதம் மாற்ற ஆள் தேடுவதும் இல்லை.

அப்புறம் ஒன்று, நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் ஒரு கேள்வி: கடவுள் ஏன் முதலில் ஒரே ஒரு மனிதனைப் படைத்தார்? "என் அப்பன் உன் அப்பனை விடப் பெரியவன்" என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதற்காக. ஓர் உயிரைக் காப்பாற்றியவன் ஓர் உலகத்தையே காப்பாற்றியவன் என்பதும் அதே பகுதிதான். குலம் கேட்டுவிட்டு வீடு வாடகைக்கு விடுகிற நாம் இந்த ஒரு வரியை ஊர் ஊராக எழுதி வைக்கலாம்.

உங்கள் பையர் போனை வைத்துவிடுகிற அந்த ஓய்வு நாளுக்கு, சபாத்துக்கு வருகிறேன். அன்றைக்குச் செய்யக் கூடாத வேலைகள் என்று 39 வகை உண்டு. அவற்றில் 13 துணித் தொழில்: கம்பளி கத்தரிப்பது, வெளுப்பது, சீவுவது, சாயம் போடுவது, நூற்பது, பாவு ஓட்டுவது, நெய்வது, முடிச்சுப் போடுவது, அவிழ்ப்பது, தைப்பது என்று போகும். சென்னிமலைத் தறிக்காரர் யாரிடம் காட்டினாலும் வரிசை புரிந்துவிடும். பாலைவனத்தில் கூடாரக் கோயில் கட்ட எந்த வேலைகள் தேவைப்பட்டனவோ அவைதான் இவை. புனிதமான வேலையைக் கூட அன்றைக்கு நிறுத்து என்பது அதன் உட்பொருள். நெருப்பு மூட்டுவதும் பட்டியலில் இருப்பதால் ஆசாரமானவர்கள் மின்சாரத்தையோ போனையோ தொட மாட்டார்கள். உயிர் ஆபத்து என்றால் மட்டும் எல்லாம் தளரும். அப்போது சபாத்தை மீறுவதே கடமை. சீர்திருத்தப் பிரிவு யூதர்கள் இவ்வளவு கண்டிப்பு இல்லை, ஆகையால் எல்லோரும் உங்கள் பையர் மாதிரி என்று எண்ண வேண்டாம்.

காங்கேயம்_தேங்காய் எழுதியது:

நான் பார்த்ததைச் சொல்கிறேனுங்க. நாங்கள் தேங்காய்ப் பால், தேங்காய்த் துருவல் ஏற்றுமதி செய்கிறோம். கோஷர், அதாவது யூத உணவுச் சட்டப்படியானது என்ற சான்றிதழுக்காக ரப்பி (யூத மதகுரு) ஒருவர் பிளான்டைப் பார்க்க வந்தார். பூஜை, மந்திரம் ஏதாவது இருக்கும் என்று எங்கள் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், அப்படி ஒன்றும் இல்லை. நேராக பாய்லருக்குப் போனார். அந்த நீராவி வேறு எந்த லைனுக்குப் போகிறது, திரும்பி வரும் சுடுதண்ணீர் எங்கே கலக்கிறது என்று குழாய் குழாயாகத் தொடர்ந்து போனார். அடுத்து பவுடர் பக்கம். தேங்காய்ப் பால் பவுடரில் பொதுவாக சோடியம் கேசினேட் சேர்ப்பார்கள், அது மாட்டுப் பாலிலிருந்து வருவது. அது சேர்ந்தால் சரக்கு பால் வகையாகிவிடும், இறைச்சிச் சாப்பாட்டோடு பரிமாற முடியாது. பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். எதிலும் சேராத பொது வகைக்கு பார்வே என்று பெயர், வெறும் தேங்காய்ப் பாலுக்கு அங்கே இருக்கிற மவுசுக்கு அதுதான் காரணம். பால் ஓடின மெஷினில் பார்வே ஓட்ட வேண்டும் என்றால் ஒரு நாள் முழுக்க சும்மா விட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்றார்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், வாயில் போடுகிற ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எதைத் தொட்டு வந்தது என்று கேட்கிற பழக்கம். நாம் பாக்கெட்டைத் திருப்பிக் கூடப் பார்ப்பதில்லை.

ஓவர்லாக்_அக்கா எழுதியது:

எல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்குங்க. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஓய்வு நாள் என்பது மாதச் சம்பளக்காரருக்கும் முதலாளிக்கும்தான் இனிக்கும். நாங்கள் பீஸ் ரேட். மெஷினில் உட்காரவில்லை என்றால் காசு இல்லை. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கின கையோடு மளிகைக்கடை பாக்கி, சீட்டுக் காசு, பிள்ளை ஸ்கூல் வேன் என்று போய்விடும். அந்த பையர் அங்கே சனிக்கிழமை ஓய்வாக உட்கார்ந்திருப்பார், அவர் சரக்கை முடிக்க இங்கே நாங்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுவோம். எங்கள் ஓய்வைப் பற்றி அவர்கள் வேதம் ஏதாவது சொல்கிறதா? சொன்னால் படிக்கிறேன்.

பீளமேடு_வாசகர் எழுதியது:

சொல்கிறது அம்மா. இந்தத் திரியில் இதுவரை வந்ததில் முக்கியமான கேள்வி உங்களுடையதுதான்.

பத்துக் கட்டளை இரண்டு இடத்தில் வரும். யாத்திராகமத்தில், உலகைப் படைத்த கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்தார், அதனால் நீயும் ஓய்ந்திரு என்று காரணம். உபாகமத்தில் வேறு காரணம்: நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை நினைத்துக்கொள், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓய்ந்திருக்க வேண்டும். மாடு, கழுதை, ஊருக்குள் தங்கியிருக்கும் அந்நியன் வரை பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. முதலாளி ஓய்ந்து ஆள் உழைக்கிற ஏற்பாடு அந்தக் கட்டளைக்கே எதிரானது.

கூலி பற்றி இன்னும் கண்டிப்பு. அன்றைய கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடு, அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்கிறது. சொந்த சனமோ வெளியூர்க்காரனோ, வித்தியாசம் கிடையாது. ரப்பிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் இதை விளக்கும்போது, இந்த ஆள் ஏணியில் ஏறி, மரத்தில் தொங்கி, உயிரைக் கொடுக்கத் துணிந்தது எதற்காக, கூலிக்காகத்தானே என்று கேட்கிறது. பொள்ளாச்சியில் தென்னை ஏறுகிறவருக்குக் கூலியை நாளைக்கு வா என்று சொல்கிற யாரும் இதைப் படிக்க வேண்டும். இறந்தபின் மனிதனிடம் கேட்கப்படும் முதல் கேள்வியாகவும் தல்மூத் சொல்வது "கொடுக்கல் வாங்கலில் நாணயமாக இருந்தாயா" என்பதைத்தான்.

தானத்துக்கு மைமோனிடிஸ் எட்டுப் படி சொல்கிறார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று இருவருக்குமே தெரியாமல் கொடுப்பது மேலிருந்து இரண்டாவது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒருவர் இனி யாரிடமும் கை நீட்டாதபடி கடன் கொடுப்பது, கூட்டு சேர்ப்பது, வேலை தருவது. அந்த வகையில் உங்கள் கையில் இருக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு அவர்கள் நூலில் பெரிய இடம். அது ஏழு நாளும் ஓட வேண்டியிருப்பது அந்தக் கட்டளையின் நோக்கத்துக்கே எதிரானது. அடுத்த முறை கம்பெனியில் லீவு பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோபி_விவசாயி எழுதியது:

மண்ணுக்கும் லீவு விட்டிருக்கிறார்கள், அதை யாரும் சொல்லவில்லையே. ஏழாம் வருஷம் விதைக்கக் கூடாது, தானாக விளைந்ததை ஏழைகளும் காட்டு மிருகங்களும் சாப்பிடட்டும் என்று சட்டம், ஷ்மிதா என்பார்கள். இஸ்ரேல் மண்ணுக்கு மட்டும்தான். 2021-22 அப்படி ஒரு வருஷம். எங்கள் அப்பாரு காலத்தில் காட்டைச் சும்மா போட்டு ஆடு மாடு மேய விடுவார்கள், காங்கேயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு இன்னும் இருக்கிறது. இப்போது மஞ்சள் எடுத்த ஈரம் காய்வதற்குள் அடுத்த வெள்ளாமை, உரக்கடைப் பாக்கி வேறு. முற்றுகைப் போரில் கூடப் பழமரத்தை வெட்டாதே என்றும் அவர்கள் வேதத்தில் இருக்கிறது. ரோடு அகலப்படுத்தப் புளியமரங்களைச் சாய்க்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு சந்தேகம். அந்த ஏழாம் வருஷம் கடனும் தள்ளுபடி என்று படித்தேன். அப்படியானால் ஆறாம் வருஷம் எவன் கடன் கொடுப்பான்?

பீளமேடு_வாசகர் எழுதியது:

சரியான இடத்தைப் பிடித்தீர்கள் அண்ணா. உண்மையிலேயே கொடுக்காமல் போனார்கள். ஏழைகள் முட்டிக்கொண்டு நின்றபோது ஹில்லெல் என்ற அறிஞர் ஒரு பத்திர முறை கொண்டுவந்தார்: கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் எழுதி வைத்துவிட்டால் ஏழாம் வருஷத்திலும் அது அழியாது. ஏழையைக் காக்க வந்த சட்டம் ஏழையையே அடித்தால், அதன் நோக்கத்தைப் பிடித்துக்கொண்டு வழி தேடினார்கள்.

இந்த ஹில்லெல் வழியினருக்கும், அவர் காலத்து இன்னொரு அறிஞரான ஷம்மாய் வழியினருக்கும் எப்போதும் வாதம். முடிவில் ஹில்லெல் பக்கம் சட்டமானதற்கு தல்மூத் சொல்லும் காரணம், அவர்கள் சாந்தமானவர்கள், எதிர்த் தரப்பின் கருத்தைத் தங்கள் கருத்துக்கு முன்னால் எடுத்துச் சொன்னவர்கள் என்பது. தோற்ற தரப்பின் வாதமும் அழிக்கப்படாமல் இன்றுவரை பாடமாக இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் எதிர்த்துப் பேசியவரை உடனே நீக்குகிற காலத்தில் எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

திருப்பூர்_மெர்ச்சன்டைசர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. அக்கா சொன்னதை எங்கள் முதலாளியிடம் அப்படியே பேசப் போகிறேன், பையரிடமும் பேசுவேன். ஞாயிறு ஷிப்ட் இல்லாத டெலிவரி தேதி கேட்க அவர் வேதமே எனக்குப் பக்கத்துணை. கடைசியாக ஒன்று: சனிக்கிழமை மெயில் அனுப்பினால் தப்பாக எடுத்துக்கொள்வாரா? வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பீளமேடு_வாசகர் எழுதியது:

அனுப்பலாம் தம்பி, சபாத் முடிந்து பார்ப்பார். உடனே பதில் கேட்டு நச்சரிக்காமல் இருந்தால் போதும். செப்டம்பர், அக்டோபரில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் என்று அடுத்தடுத்து பண்டிகை, மார்ச் ஏப்ரலில் பஸ்கா. நிலாக் கணக்கு என்பதால் தேதி வருஷா வருஷம் மாறும். காலண்டர் பார்த்து அந்த நாட்களில் சாம்பிள் அப்ரூவல் வைக்காதீர்கள். கம்பளியும் லினனும் ஒரே துணியில் கலப்பதும் அவர்களுக்கு விலக்கு, பருத்தி பாலியெஸ்டர் கலவைக்குத் தடை இல்லை. தையல் நூலிலும் உள் பட்டையிலும் லினன் வந்துவிடும், கம்பளி சேர்ந்த ஆர்டர் என்றால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.