இழை: ‘கன்வெர்ஷன்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர், வகுப்பு ஆசிரியை எழுதியது:

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு முன்னதாகச் சிறு வணிகப் பெண்களுக்கு நடத்தும் இணையச் சந்தைப்படுத்தல் வகுப்பின் கையேடு வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போகிறது. முறுக்கும் அதிரசமும் சுடுகிறவர்கள், ரவிக்கை தைக்கிறவர்கள், மாலை கட்டுகிறவர்கள்தாம் மாணவிகள். பெரும்பாலோர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். லேண்டிங் பேஜுக்கு ‘வந்திறங்கு பக்கம்’, கால் டு ஆக்‌ஷனுக்கு ‘அழைப்பு வரி’ (‘இங்கே தொட்டு ஆர்டர் கொடுங்கள்’ என்பது போன்றது) என்று மற்றவை ஒருவாறு அமைந்துவிட்டன. கன்வெர்ஷன் மட்டும் நிற்கிறது.

பொருள் இதுதான். வாட்ஸ்அப்பில் இட்ட இணைப்பைத் தொட்டு 400 பேர் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 பேர் முறுக்குக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். அந்த 12 பேர் செய்தது கன்வெர்ஷன். 12-ஐ 400-ஆல் வகுத்தால் கிடைக்கும் 3 விழுக்காடு கன்வெர்ஷன் ரேட்.

‘மாற்று விகிதம்’ என்று எழுதி ஒரு மாணவியிடம் காட்டினேன். இன்றைக்கு ஒரு ரிங்கிட்டுக்கு எத்தனை ரூபாய் என்று கேட்டார். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நாணய மாற்றுக் கடைகளின் பலகைகளைப் பார்த்துப் பழகியவர் வேறு எப்படிப் படிப்பார்?

வகுப்பில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவது ஒரு பழக்கத்தைத்தான். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, வந்தவர் எத்தனை பேர், சொன்னதைச் செய்தவர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் ஒரே நோட்டில் அடுத்தடுத்து எழுதவேண்டும். விருப்பக்குறிகளை எண்ணி மகிழ்ந்துவிட்டு, மாவும் எண்ணெயும் வாங்கிய காசைக்கூடத் திரும்பப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நமக்கு வேண்டிய சொல் அந்த இரண்டு எண்களையும் கண்முன் கொண்டுவரவேண்டும். உதவுங்கள்.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

‘மாறு’ என்ற வேரை விட்டுவிட அவசரப்படவேண்டாம். இன்று நமக்கு மாறுதல் என்றால் வேறாகுதல். சங்கப் பாட்டில் அதற்குப் பண்டம் கொடுத்துப் பண்டம் வாங்குதல், விற்றல் என்றே பொருள் உண்டு. அகநானூற்று 140ஆம் பாட்டில் உப்பு வணிகரான உமணரின் மகள் ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பு’ என்று சேரியில் ‘விலைமாறு’ கூறிப் போகிறாள். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள், அதாவது இடையர் குலப் பெண், ‘நாள்மோர் மாறும்’ பெண். மோர் விற்கிறவள் என்பதைத்தான் புலவர் அப்படிச் சொல்கிறார். ஆங்கிலக்காரர்கள் எந்த வழியாக அந்தச் சொல்லுக்கு வந்தார்களோ, நம் மொழியில் மாற்றமும் விற்பனையும் ஒரே வேரில் முன்பே கூடியிருக்கின்றன.

இன்னும் ஒன்று. ‘அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு’ என்று குறள் 725 சொல்லும்போது மாற்றம் என்பது மறுமொழி. கடைக்காரர் அழைக்கிறார், வந்தவர் மறுமொழி தருகிறார். அழைப்பு வரிக்கு எதிர் நிற்பது மாற்றம். இதைவிடப் பொருத்தமான இணை எங்கே கிடைக்கும்? ‘மாற்று விகிதம்’ நாணயத்துக்கு இருக்கட்டும். நாம் ‘மாற்ற வீதம்’ என்று வைப்போம். மாறு தன்வினை, மாற்று பிறவினை. நாணயத்தை மாற்றுகிறோம், வாங்குகிறவர் தாமே மாறுகிறார். இந்த வேறுபாட்டை இலக்கணமே காப்பாற்றித் தருகிறது.

பங்சார், இணைய விளம்பரப் பணியில் இருப்பவர் எழுதியது:

ஐயாவின் மடலைக் காலையில் பசியாறும்போது படித்தேன். விலைமாறு எனக்குப் புதிய செய்தி. ஆனால் ஒரு தொழில் விவரத்தைச் சொல்லவேண்டும். கன்வெர்ஷன் எப்போதும் விற்பனை ஆகாது. எண்ணைச் சேமித்து வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்பது, மடல் பட்டியலில் சேர்வது, விலைப்பட்டியலைப் பதிவிறக்குவது என்று எதை நாம் குறியாக வைக்கிறோமோ அது நடந்தால் கன்வெர்ஷன். பக்கத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸும் இந்தச் சொல்லோடு திண்டாடியது. 2024 மார்ச்சில் அங்கே கன்வெர்ஷன் என்ற பெயரை எடுத்துவிட்டு ‘முக்கிய நிகழ்வு’ என்ற பொருளில் வேறு பெயர் வைத்தார்கள். கன்வெர்ஷன் என்ற பெயரை விளம்பரக் கணக்குக்கு மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

மலாய்க்காரர்கள் இதை முன்னொட்டால் தீர்த்துக்கொண்டார்கள். ‘துக்கார்’ என்ற ஒரே வேர்தான். நாணயத்துக்குக் ‘காடார் பெர்துக்காரான்’, இதற்குக் ‘காடார் பெனுக்காரான்’. ஐயா சொல்லும் தன்வினை பிறவினை வேறுபாடும் அதைப் போன்றதே. ஆனால் ஓர் ஒற்றெழுத்தைக் கவனித்து இரண்டையும் பிரிப்பதற்குக் கைப்பேசித் திரையில் அவகாசம் இல்லை.

லெபோ பாசார், பினாங்கு, துணிக்கடைக்காரர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் படித்தது குறைவு. கடையில் நின்றது அதிகம். சொல் ஏற்கெனவே இருக்கிறதே: போணி.

காலையில் கடை திறந்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி ‘போணி ஆயிற்றா?’ என்பதுதான். பார்த்துவிட்டுப் போனவர் போணி இல்லை, எடுத்தவர்தான் போணி. 400 பேர் வந்து 12 போணி என்றால் என் கடைப் பையனுக்கும் புரியும், தங்கையின் வகுப்பில் முறுக்கு விற்கும் அம்மாவுக்கும் புரியும். மாற்றம் என்ற சொல்லில் எனக்கு வேறொரு கவலையும் உண்டு. ‘இந்த மாதம் மாறியவர்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டால் நம் நாட்டில் அதை மதம் மாறியவர்கள் என்று படிப்பவர் இருப்பார்கள். வகுப்பறையில் அந்தப் பேச்சு வேண்டாம்.

செந்தூல், மெய்ப்புத் திருத்துநர் எழுதியது:

கடைக்கார அண்ணன் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் போணி வடநாட்டுச் சந்தையிலிருந்து நம் கடைக்கு வந்த சொல். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966-இல் கூடியது இந்தக் கோலாலம்பூரில். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கூடியதும் இங்கேதான். இங்கிருந்து போகும் ஒரு கையேட்டில் தமிழ் வேருள்ள சொல்லைத் தேடிப் பார்க்காமல் கைக்கு எட்டியதை எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. தூய்மைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. போணி என்பது நாளின் முதல் விற்பனை. பதினொன்றாவது ஆளும் பன்னிரண்டாவது ஆளும் போணி ஆகமாட்டார்கள்.

நான் முன்வைப்பது ‘கைகூடல்’. ‘ஞாலம் கருதினுங் கைகூடுங் காலம் கருதி இடத்தாற் செயின்’ என்பது குறள் 484. காலமும் இடமும் அறிந்து செய்தால் கைகூடும். சந்தைப்படுத்தலுக்கு வேறு இலக்கணம் வேண்டுமா? விற்பனைக்கும் பொருந்தும், பட்டியலில் சேர்வதற்கும் பொருந்தும். விகிதம் வேண்டாம். மலேசியத் தமிழ் ஏடுகள் நெடுங்காலமாக எழுதும் ‘விழுக்காடு’ இருக்கிறது. கைகூடல் விழுக்காடு.

லெபோ பாசார், துணிக்கடைக்காரர் எழுதியது:

‘எண்ணிய காரியம் கைகூடும்’ என்று ஞாயிற்றுக்கிழமை ராசிபலனில் வாரம் தவறாமல் வருகிறது. அதில் உழைப்பு தெரியவில்லை, நல்ல நேரம்தான் தெரிகிறது. போணியும் முதல் விற்பனையோடு நின்றுவிடவில்லை. ‘இந்தச் சரக்கு போணியாகாது’ என்று நாங்கள் சொல்லும்போது காலையும் மாலையும் சேர்ந்துதான். சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ‘கடுதாசி’யையும் ‘சாவி’யையும் எங்கே அனுப்புவது?

பங்சாரிலிருந்து மீண்டும்:

சொல்லுக்கு அடியில் இருக்கும் கணக்கை விட்டுவிடுவோமோ என்று அஞ்சுகிறேன். ஆகவே இதை எழுதுகிறேன்.

வந்தவர் தொகையே பல நேரம் தவறாக எண்ணப்படுகிறது. வாட்ஸ்அப்பில் ஒன்று, பேஸ்புக்கில் ஒன்று, டிக்டாக்கில் ஒன்று என்று ஒவ்வோர் இடத்தில் இடும் இணைப்பிலும் தனித்தனி யூடிஎம் குறி (இணைப்பின் கடைசியில் சேர்க்கும் அடையாளம்) ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் எந்தத் தெருவிலிருந்து ஆள் வந்தார் என்றே தெரியாது. மடலைத் திறந்தவர் தொகையை நம்பிக் கணக்குப் போடவும் கூடாது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மடல் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்த பிறகு, ஆள் திறக்காத மடலும் திறந்ததாகப் பதிவாகிறது. மடலில் உள்ள இணைப்பைத் தொட்டவர்களையும் அதன்பின் செய்தவர்களையும் எண்ணுங்கள்.

சிறு தொகையை வைத்து முடிவெடுப்பது இன்னொரு கேடு. ஒரு படத்துக்கு 40 பேர் வந்து 2 ஆர்டர், வேறொரு படத்துக்கு 40 பேர் வந்து 3 ஆர்டர் என்றால் இரண்டாவது படம் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. இன்னும் பல வாரம் ஓடவேண்டும். ஒரே நேரத்தில் படத்தையும் விலையையும் அழைப்பு வரியையும் மாற்றிவிட்டு எது பலித்தது என்று தேடக்கூடாது. ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இந்தப் பொறுமையைக் கற்பிக்க என்ன சொல் உதவுமோ அதற்கு என் வாக்கு. இப்போதைக்குக் கைகூடல் பக்கம் சாய்கிறேன். முழு மனத்தோடு இல்லை.

பட்டர்வொர்த்திலிருந்து மீண்டும்:

விற்பனை அல்லாததும் கன்வெர்ஷன் என்று தம்பி சொன்னதை எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கும் பெரும்பாணாற்றுப்படையிலேயே சான்று இருக்கிறது. அந்த ஆய்மகள் நெய்யை விற்கும்போது ‘கட்டிப் பசும்பொன் கொள்ளாள்’. பொன்னை மறுத்துவிட்டு எருமையையும் நல்ல பசுவையும் கருநாகினையும் (கரிய இளம் கன்றையும்) பெறுகிறாள். இன்று செலவாகும் பொன்னைவிட நாளை பால் தருவது மேல் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆர்டர் தராமல் தன் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் வாடிக்கையாளர் அந்தக் கருநாகு. இதுவும் மாறுதான். ஆகவே என் சொல் இன்னும் உறுதியாகிறது.

‘நொடை’ என்ற சொல்லையும் குழு ஆராயவேண்டும். பட்டினப்பாலையில் ‘நறவு நொடைக் கொடி’ என்று வருகிறது. கள் விற்கும் இடத்தில் பறந்த கொடி. நொடை விற்பனை என்றால், கொடி என்பது நீங்கள் சொல்லும் அழைப்பு வரி. இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து, ஆசிரியை:

ஐயா, கருநாகினை நான் பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன், உங்கள் இசைவோடு. மடல் பட்டியல் பற்றிய பகுதிக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. கேட்காமல் எண்ணைச் சேர்த்துக்கொண்டு நாள்தோறும் விளம்பரம் அனுப்பும் பழக்கத்தை அந்தப் பகுதியில் கண்டித்திருக்கிறேன். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, நேரடி விளம்பரத்துக்குத் தம் விவரத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தருகிறது. நிறுத்தச் சொன்னவருக்கு மீண்டும் அனுப்பினால் சட்டம் ஒருபுறம் இருக்க, தெருவில் பெயரும் கெடும்.

நேற்று மாலை மூன்று சொற்களையும் பலகையில் எழுதி மாணவிகளையே கேட்டேன். போணிக்கு உடனே சிரித்துத் தலையாட்டினார்கள். ஆனால் ‘போணி விழுக்காடு’ என்றதும், நூறு போணியில் எத்தனை என்று கேட்டார்கள். வந்தவர் தொகை அவர்கள் மனத்திலிருந்து மறைந்துவிட்டது. மாற்றத்துக்கு அமைதி. கைகூடலுக்கு ஒருவர், ‘வந்த நூறு பேரில் எத்தனை பேரிடம் கைகூடியது, அப்படித்தானே?’ என்றார். அந்த வகுக்கும் எண்ணை அவர் தாமே எடுத்துச் சொன்னார். எனக்கு வேண்டியது அதுதான்.

ஆகவே கையேட்டில் ‘கைகூடல்’, ‘கைகூடல் விழுக்காடு’. முதல் முறை வரும் இடத்தில் ‘வந்த நூறு பேரில் சொன்னதைச் செய்தவர் எத்தனை பேர்’ என்ற விளக்கம். போணியைப் பயிற்சிக் கேள்விகளில் பேச்சாக வைத்திருக்கிறேன். மறுப்பு உள்ளவர்கள் நாளை நண்பகலுக்குள் எழுதுங்கள்.

லெபோ பாசாரிலிருந்து:

சரி தங்கை. புத்தகத்தில் உங்கள் சொல் இருக்கட்டும். என் கடையில் போணிதான்.

பட்டர்வொர்த்திலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கைகூடல் நல்ல சொல், ஆனால் அதில் கொடுத்து வாங்கும் இருவர் இல்லை, ஒருவர்தான் தெரிகிறார். வணிகம் இருவருடையது. அடுத்த பதிப்பின்போது மீண்டும் கேட்பேன்.

செந்தூலிலிருந்து:

ஆசிரியை அவர்களுக்கு நன்றி. மெய்ப்பு பார்த்துவிட்டேன். மூன்றாம் பாடத்தில் ‘கைக்கூடல்’ என்று ஒற்று மிகுந்து வந்திருந்ததை எடுத்துவிட்டேன். ஐந்தாம் பாடத்தில், வந்தவர்கள் படிப்படியாகக் குறைந்து வாங்குகிறவர்களாகும் வழியைக் குறிக்கும் ஃபனலுக்குப் ‘புனல்’ என்று போட்டிருக்கிறீர்கள். எண்ணெய் ஊற்றும் கருவிக்கு அந்தப் பெயர் வழக்கில் உண்டு என்பது தெரியும். ஆனால் பாட்டுகளிலெல்லாம் புனல் என்பது ஓடும் நீர். ‘விற்பனைப் புனல்’ என்றால் வெள்ளமாக விற்கிறது என்று படிக்கமாட்டார்களா? அச்சகம் ஆறு மணிவரை காத்திருக்கும் என்கிறார்கள். குழுவின் கருத்து என்ன?