இரசாயனவியலை ரியூசன் இல்லாமல் தனியாகப் படிக்கலாமா?

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். உயர்தரம் உயிரியல் பிரிவில் முதல் தடவை எழுதினேன். உயிரியலுக்கும் பௌதிகவியலுக்கும் 'சி', இரசாயனவியலுக்கு 'எஸ்', அதாவது சாதாரண சித்திதான். இரண்டாம் தடவை எழுதப்போகிறேன்.

போன முறை ரியூசனுக்கு மட்டக்களப்பு ரவுணுக்குத்தான் போனேன். மண்முனைப் பாலம் கடந்து வீடு வந்து சேர இருட்டிவிடும். கொப்பி நிறையக் குறிப்பு இருந்தது, இருந்து கணக்குச் செய்ய நேரம் இருக்கவில்லை. அப்பா காசைப் பற்றி யோசிக்காதே என்கிறார். போன போகம் வேளாண்மை எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும்.

போன கிழமை தனியாகப் படித்துப் பார்த்தேன். அசற்றிக்கமிலத்துக்குச் சோடியம் ஐதரொட்சைட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து நியமிக்கும்போது பி.எச் (அமிலத்தன்மையின் அளவு) மாறுவதைக் காட்டும் வளையியை நானே புள்ளி புள்ளியாக வரைந்தேன். அமிலம் சரிபாதி நடுநிலையாகும் இடத்தில் பி.எச் பெறுமானம் ஏன் அமிலத்தின் வலிமையைக் காட்டும் பி.கே.ஏ-க்குச் சமமாகிறது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. இரண்டு மணித்தியாலம் போனது, ஆனால் இனி மறக்காது.

காபன் சேர்வைகளைப் பற்றிய சேதன இரசாயனம்தான் பயம். தாக்கம் நடக்கும் படிகளைக் காட்டும் பொறிமுறையில் அம்புக்குறியைப் பிழையாகப் போட்டால் யார் திருத்துவது? பல்தேர்வு 50-ஐயும் 2 மணித்தியாலத்தில் முடிக்க இன்னும் ஏலவில்லை, 40 உடன் நிற்கிறேன்.

தமிழ் மொழிமூலத்தில் தனியாகப் படித்து எழுதியவர்கள் இருக்கிறீர்களா? தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலும் கடந்தகால வினாத்தாள்களும் போதுமா, சேதனத்துக்கு மட்டுமாவது வகுப்புக்குப் போகவேண்டுமா? எங்கள் படுவான்கரைப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து படிக்க யாராவது இருந்தாலும் சொல்லுங்கள், நான் வருகிறேன்.