ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியும் ஆர்க்கிட் பெயர்ப் பதிவேடும்: பழைய லேபிளை எப்படிப் படிப்பது? (ஆர்க்கிட் வளர்ப்போரின் உரையாடல்; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

இலைக்காம்பு:

பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 1804-ல் தொடங்கியபோது அதன் கவனமெல்லாம் பழமரங்களிலும் காய்கறியிலும்தான் இருந்தது. இன்றைக்கோ உலகில் யார் எந்த மூலையில் புது ஆர்க்கிட் கலப்பினம் உருவாக்கினாலும் அதன் பெயர் இந்தச் சங்கத்தின் பதிவேட்டில்தான் ஏற வேண்டும். ஒரு நாட்டின் சங்கத்துக்கு இந்த வேலை எப்படி வந்து சேர்ந்தது?

இன்னொன்று. பழைய லேபிள்களில் "பி.எல்.சி.", "எஸ்.எல்.சி.", "வூய்ல்." என்று பேரினப் பெயர்களின் சுருக்கங்கள் இருக்கின்றன. அப்படியே பதிவேட்டில் தேடினால் பல சமயம் ஒன்றும் கிடைப்பதில்லை. உதாரணத்துக்கு ஒரு லேபிள்: வூய்ல்ஸ்டெகியாரா கேம்ப்ரியா 'ப்ளஷ்' எஃப்.சி.சி./ஆர்.எச்.எஸ். இதில் எந்தத் துண்டு எதைச் சொல்கிறது, எது இன்றும் செல்லும்?

மகரந்தத்தூள்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். லேபிள் விஷயத்துக்கு இங்கே என்னைவிடத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

1804 மார்ச் 7 அன்று லண்டன் பிக்கடிலியில் ஹாட்சர்ட்ஸ் புத்தகக் கடையில் ஏழு பேர் கூடித் தொடங்கிய சங்கம் அது. யோசனை ஜான் வெட்ஜ்வுட்டுடையது. தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸும் அந்த ஏழு பேரில் ஒருவர். 1809-ல் அரச சாசனம் கிடைத்தது. 'ராயல்' என்ற அடைமொழி 1861-ல்தான் வந்தது. அதற்கு முன்பு வெறும் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி ஆஃப் லண்டன்.

ஆர்க்கிட் கதை தொடங்குவது 1820-களில், டெவன்ஷயர் பிரபுவிடம் குத்தகைக்கு எடுத்த சிஸ்விக் தோட்டத்தில். அங்கே 1822-ல் வேலைக்குச் சேர்ந்த ஜான் லிண்ட்லி, பின்னாளில் அந்தக் காலத்தின் முதன்மையான ஆர்க்கிட் வகைப்பாட்டாளர் ஆனார். கேட்லியா பேரினத்தை வரையறுத்தவரும் அவரே. தாவரவியலில் அவர் கைதேர்ந்தவர். ஆனால் வளர்ப்பில், 1830-ல் சங்கத்தில் அவர் வாசித்த கட்டுரை ஒரு தலைமுறையையே தவறான வழியில் அனுப்பியது. ஆர்க்கிட் எல்லாவற்றுக்கும் மிகுந்த வெப்பம், மிகுந்த ஈரம், அடர்ந்த நிழல் என்பதே அதன் சாரம். மலையுச்சியில் குளிர்ந்த மேகத்துக்குள் வளரும் இனங்களையும் அதே அடைத்த வெந்நீர்க் குடிலில் வைத்தார்கள். தோல் பதனிட்டு மிஞ்சிய மரப்பட்டைத் தூளைப் படுக்கையாகப் பரப்பி, அது புளிக்கும் சூட்டில் தொட்டிகளைப் புதைப்பது அன்றைய வழக்கம். மரத்தில் தொற்றி வளரும் செடியின் வேருக்கு ஓடும் காற்று வேண்டும். புதைந்து நனைந்த ஊடகத்தில் வேரின் வெளியுறை அழுகும், வேர் போனதும் தண்டுக்கிழங்கு சுருங்கும். செடிகள் கூடை கூடையாகச் செத்தன. இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் சிஸ்விக்கிலேயே வேலை பழகி 1826-ல் அதே பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்துக்குப் போன ஜோசப் பேக்ஸ்டன். வெப்பநிலை வாரியாகத் தனித்தனிக் குடில், மேலே காற்றுத் திறப்பு, செடியின் மேல் கொட்டாமல் நடைபாதையில் தண்ணீர் தெளித்து ஈரப்பதம் ஏற்றுவது என்று வேறு முறைக்கு மாற்றினார். சேகரிப்பாளர்களின் குறிப்புகள் வந்தபின் லிண்ட்லியும் தன் கருத்தைத் திருத்திக்கொண்டார்.

செடி உயிரோடு நிற்கத் தொடங்கியதும் கலப்பு தொடங்கியது. எக்ஸிட்டர் ஊரின் வீட்ச் நர்சரியில் ஜான் டொமினி உருவாக்கிய கலாந்தே டொமினியை 1856-ல் பூத்த முதல் செயற்கைக் கலப்பினமாகக் கொள்கிறோம். பெயர் வைத்தவர் லிண்ட்லி. இதன்பின் ஒவ்வொரு நர்சரியும் கலந்தது, ஒவ்வொன்றும் தன் விருப்பப் பெயரைச் சூட்டியது. ஒரே இரு பெற்றோரின் பிள்ளைகள் மூன்று கடைகளில் மூன்று பெயரில் விற்றன. சங்கம் 1889-ல் ஆர்க்கிட்டுக்கெனத் தனிக் குழு அமைத்து விருது கொடுக்கத் தொடங்கியது. 1897 முதல் 1953 வரை நெல்லி ராபர்ட்ஸ் விருது பெற்ற பூக்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். அவை வெறும் அலங்காரமல்ல: அடுத்த கூட்டத்துக்கு அதே பெயரில் வேறு பூ வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆதாரம்.

ஆனால் பெற்றோர் கணக்கை எழுதி வைத்தது சங்கம் அல்ல, ஒரு வணிகர். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரின் சாண்டர் நிறுவனம் 1906-ல் எல்லாக் கலப்பினங்களையும் பெற்றோருடன் பட்டியலிட்டு வெளியிட்டது. அதோடு நிற்காமல் தொடர்ந்து இணைப்புப் பட்டியல்களும் போட்டது. அந்தப் பட்டியலில் இல்லாத பெயருக்குச் சந்தையில் மதிப்பில்லை என்ற நிலை வந்துவிட்டது. 1922-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன், குடுவைக்குள் சர்க்கரை கலந்த அகார் கூழில் பூஞ்சையின் உதவியின்றியே ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்துக் காட்டினார். அதுவரை தாய்ச்செடியின் தொட்டி மேல் விதையைத் தூவி, அங்கே இருக்கும் பூஞ்சையை நம்பிக் காத்திருக்க வேண்டியிருந்தது, பெரும்பாலானவை முளைக்காது. குடுவை முறை பரவியதும் புதுக் கலப்பினங்கள் வெள்ளமாக வந்தன. ஒரு தனியார் குடும்பம் தாங்கும் வேலையாக அது இல்லை. 1961 ஜனவரி 1 முதல் பதிவை ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி எடுத்துக்கொண்டது. அது ஒன்றும் பேரரசு ஆணவம் அல்ல. நூலகம், விருதுப் பதிவு, ஓவியங்கள் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்தன. (அந்த நூலகமும் தப்பிப் பிழைத்ததுதான். கடனில் மூழ்கி 1859-ல் சங்கம் தன் புத்தகங்களை ஏலம் விட்டது. பிறகு லிண்ட்லியின் சொந்தச் சேகரிப்பை வாங்கித்தான் இன்றைய லிண்ட்லி நூலகம் எழுந்தது.)

நிழல்வலை:

லேபிளுக்கு வருவோம். அதில் மூன்று அடுக்கு உண்டு. ஒவ்வொன்றும் வேறு விதமாக வயதாகும்.

பேரினப் பெயர்தான் மாறக்கூடியது. வூய்ல்ஸ்டெகியாரா என்பது ஓடோன்டோகிளாசம், மில்டோனியா, காக்லியோடா மூன்றும் கலந்ததற்கான பெயர். இப்போது ஓடோன்டோகிளாசமும் காக்லியோடாவும் ஒன்சிடியத்துக்குள் போய்விட்டன. இங்கே மில்டோனியா என்று எழுதப்பட்டது உண்மையில் மில்டோனியாப்சிஸ். ஆகவே இன்றைய பெயர் ஒன்சிடாப்சிஸ் கேம்ப்ரியா.

நடுவில் இருக்கும் 'கேம்ப்ரியா' கிரெக்ஸ் பெயர். குறிப்பிட்ட இரு பெற்றோரின் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவானது. எது தாய், எது மகரந்தம் தந்தது என்று இடம் மாறினாலும் பெயர் மாறாது. இது பெல்ஜியத்தின் வூய்ல்ஸ்டெக் நர்சரி 1931-ல் பதிந்தது, பெற்றோர் ருத்ரா × க்ளோனியஸ். பேரினம் எத்தனை முறை மாறினாலும் கிரெக்ஸ் நிலையானது. அதனால் தேடும்போது முன்னால் உள்ள சுருக்கத்தை விட்டுவிட்டு கிரெக்ஸ் பெயரை மட்டும் கொடுங்கள். வரும் விடைகளில் உங்களுக்குத் தெரிந்த பெற்றோரோடு பொருந்துவதை எடுங்கள். பேரினங்கள் இணைந்தபோது ஒரே பேரினத்தில் ஒரே பெயர் இரண்டு வந்துவிட்ட இடங்களும் உண்டு. அங்கே பெயருக்குப் பின்னால் பதிவு ஆண்டைச் சேர்த்துப் பிரித்திருப்பார்கள். ஆண்டை விட்டு எழுதினால் வேறு செடியாகிவிடும்.

ஒற்றை மேற்கோளுக்குள் உள்ள 'ப்ளஷ்' தனிச்செடியின் பெயர். அதைப் பிரித்து நட்டதும், திசு வளர்ப்பில் பெருக்கியதும் மட்டுமே 'ப்ளஷ்'. எஃப்.சி.சி./ஆர்.எச்.எஸ். என்றால் அந்தச் சங்கத்தின் முதல் தரச் சான்றிதழ். 'ப்ளஷ்' அதை 1967-ல் பெற்றது. விருது அந்தத் தனிச்செடிக்கு உரியது, கிரெக்ஸுக்கு அல்ல. அதன் விதையில் வந்த கன்றுக்கு விருதைச் சேர்த்து எழுதி விற்பது ஏமாற்று.

ஒரு எச்சரிக்கை: பூச்சந்தையில் 'கேம்ப்ரியா' என்ற சொல்லை ஒன்சிடியம் வகைக் கலப்பினம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகவே வைத்துவிட்டார்கள். வேறு எதுவும் எழுதாமல் அந்த ஒரு சொல் மட்டும் உள்ள லேபிளை வைத்துப் பெற்றோரை முடிவு செய்ய முடியாது.

எஸ்.எல்.சி. (சோஃப்ரோலேலியோகேட்லியா) சுலபம்: சோஃப்ரோனைட்டிஸும் பிரேசில் நாட்டு லேலியாக்களும் கேட்லியாவுக்குள் போய்விட்டதால் எஸ்.எல்.சி. என்றிருந்தால் கேட்லியா என்று திருத்திக்கொள்ளலாம். பி.எல்.சி. (பிராசோலேலியோகேட்லியா) என்றால் ரிங்கோலேலியோகேட்லியா.

வேர்முடிச்சு:

நிழல்வலை, கடைசிப் பத்தி ஆபத்தானது. அந்தச் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் பாதி லேபிள் தப்பாகும்.

எஸ்.எல்.சி. ஜுவல் பாக்ஸையே எடுங்கள். அதன் பெற்றோரில் ஒன்று கேட்லியா ஆரன்டியாகா. அது இப்போது குவாரியாந்தே. ஆகவே ஜுவல் பாக்ஸ் இன்று கேட்லியாந்தே (கேட்லியா + குவாரியாந்தே), வெறும் கேட்லியா அல்ல. பௌரிங்கியானா, ஸ்கின்னரி என்ற கேட்லியா இனங்களின் வழி வந்தவற்றுக்கும் இதே கதை. லேலியாவிலும் அப்படித்தான்: பர்ப்யூரேட்டா போன்ற பிரேசில் இனங்கள் மட்டுமே கேட்லியா ஆயின. ஆன்செப்ஸ், ஆட்டம்னாலிஸ் போன்ற மெக்சிகோ இனங்கள் லேலியாவாகவே இருக்கின்றன, அவற்றின் கலப்பு இன்றும் லேலியோகேட்லியாதான். பழைய லேபிளில் பிராசாவோலா என்று இருந்தால் அது டிக்பியானாவா நோடோசாவா என்று பாருங்கள். டிக்பியானா என்றால் ரிங்கோலேலியா. நோடோசா இன்றும் பிராசாவோலா. மைகாய் என்ற புகழ்பெற்ற கலப்பு நோடோசாவுக்கும் பௌரிங்கியானாவுக்கும் பிறந்தது. அது இப்போது பிராசாந்தே.

சுருக்கத்தைச் சுருக்கமாக மாற்றாமல், பெற்றோர் மரத்தில் இனங்கள் வரை இறங்கி, ஒவ்வொரு இனத்தின் இன்றைய பேரினத்தைப் பார்த்துக் கூட்டுவதே சரியான வழி. அந்த வேலையைப் பதிவேடே செய்து வைத்திருக்கிறது. கையால் போடும்போதுதான் சறுக்குகிறது.

பழைய லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். புதியதை எழுதிப் பக்கத்தில் செருகுங்கள். பெயர் மறுபடி மாறும்போது நூல் பிடித்துப் போக அந்தப் பழையதுதான் உதவும். மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும், பிளாஸ்டிக் பட்டையில் பென்சில் எழுத்து பல மடங்கு நிற்கும். இரண்டாவது பட்டை ஒன்றை ஊடகத்துக்குள் புதைத்து வைப்பதும் நல்லது.

நிழல்வலை:

ஒப்புக்கொள்கிறேன். ஆரன்டியாகா இருந்தால் என் குறுக்குவழி செல்லாது.

இலைக்காம்பு:

மூவருக்கும் நன்றி. தொடர்ந்து ஒன்று: இப்போது ஒருவர் புதுக் கலப்பினத்தைப் பதிய வேண்டுமென்றால் என்ன கேட்பார்கள், எதற்காகத் திருப்பி அனுப்புவார்கள்?

பூக்காம்பு:

பதிவு என்பது விண்ணப்பத்தோடு தொடங்குவதில்லை, மகரந்தம் வைக்கும் அன்றே தொடங்குகிறது. தாய்ப்பூவின் சொந்த மகரந்தப் பொதிகளை முதலில் நீக்கிவிட்டு, பிறகு மற்றதின் பொதியைச் சூல்முடியின் ஒட்டும் குழியில் வையுங்கள். உடனே பூக்காம்பில் சிறு பட்டை கட்டி, தாய் × மகரந்தம் என்ற வரிசையில் பெயரும் தேதியும் எழுதுங்கள். காய் முற்ற மாதக்கணக்கில் ஆகும். தொட்டியில் உள்ள பட்டையை நம்பினால், ஒரே செடியில் இரண்டு காய் நிற்கும்போது எது எதுவென்று தெரியாமல் போகும்.

கலப்பினம் பூத்த பிறகுதான் பதிய முடியும். பூக்கும்வரை காத்திருக்கச் சொல்வதில் அர்த்தம் உண்டு: தாயின் சாயல் மட்டும் தெரிந்து மகரந்தம் தந்ததின் அடையாளம் எதுவுமே இல்லையென்றால் அது தன் மகரந்தச் சேர்க்கையாக இருக்கலாம். விண்ணப்பத்தில் தாய், தந்தை, மகரந்தம் வைத்த நாள், முதலில் பூத்த நாள், உருவாக்கியவர், பதிபவர், விரும்பும் பெயர் ஆகியவை வேண்டும். சிறிய கட்டணமும் உண்டு. உருவாக்கியவர் என்பது மகரந்தம் வைத்த நாளில் தாய்ச்செடிக்கு உரிமையாளராக இருந்தவர். குடுவையில் கன்று வாங்கி வளர்த்துப் பூக்க வைத்தவருக்குத் தானாகப் பெயர் வைக்கும் உரிமை கிடையாது, உருவாக்கியவரின் சம்மதம் தேவை.

திருப்பி அனுப்பப்படும் முதல் காரணம், அந்தச் சேர்க்கை ஏற்கெனவே பதிவாகியிருப்பது. பெற்றோர் இரண்டையும் கொடுத்து முதலில் தேடிவிடுங்கள். உங்கள் தாய்ச்செடி விருது பெற்ற அரிய தனிச்செடியாக இருக்கலாம். கிரெக்ஸ் கணக்கில் அதற்கு மதிப்பில்லை, அதே இரு கிரெக்ஸ் என்றால் பழைய பெயர்தான். ஒரு கிரெக்ஸைத் தன்னோடு கலந்தாலும், அதே கிரெக்ஸின் இரு செடிகளைக் கலந்தாலும் புதுப் பெயர் கிடையாது. அடுத்த காரணம், பெற்றோரில் ஒன்றே பதிவாகாமல் இருப்பது. அதை முதலில் பதிய வேண்டும், அதற்கும் அதை உருவாக்கியவரின் சம்மதம் வேண்டும். பல விண்ணப்பங்கள் இங்கேதான் நின்றுவிடுகின்றன. பெயர் தெரியாத சந்தைச் செடியைப் பெற்றோராக வைத்தால் கதை அங்கேயே முடிந்தது. எவ்வளவு அழகாகப் பூத்தாலும் பதிய வழியில்லை.

பெயர் விஷயத்தில் லத்தீன் வடிவம் கூடாது, அதே பேரினத்தில் ஏற்கெனவே உள்ள பெயர் கூடாது. மாற்றுப் பெயர் ஒன்றிரண்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிரெக்ஸ்கள் இருக்கும் பதிவேட்டில் முதலில் தோன்றும் இனிமையான பெயரெல்லாம் எப்போதோ போய்விட்டது.

மகரந்தத்தூள்:

பூக்காம்பு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நிறத்தை "இளஞ்சிவப்பு" என்று எழுதாமல் சங்கத்தின் நிற அட்டையின் (ஆர்.எச்.எஸ். கலர் சார்ட்) எண்ணால் எழுதுங்கள். இந்தப் பெயரில் முதல் பதிப்பு 1966-ல் வந்தது. எண்ணோடு ஏ முதல் டி வரை அடர்த்தி எழுத்தும் சேர்த்து எழுத வேண்டும். அட்டைத் துண்டில் உள்ள ஓட்டைக்குக் கீழே இதழை வைத்து ஒப்பிடுவது முறை. நேர்வெயிலிலும் மின்விளக்கிலும் பார்க்காதீர்கள், பகல் வெளிச்சத்தில் நிழலான இடத்தில் பாருங்கள். கேட்லியாவில் இதழுக்கும் உதட்டுக்கும் (மற்றவற்றிலிருந்து வேறுபட்ட கீழிதழ்) தனித்தனி எண். உதட்டின் தொண்டைப் பகுதிக்கு மூன்றாவது எண்ணும் தேவைப்படும். பூ விரிந்த அன்றும் முற்றிய பிறகும் எண் மாறும் என்பதால், விரிந்து எத்தனையாவது நாள் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.