போலார் டிரான்ஸ்போர்ட்டுக்கு 'துருவக் கடத்தல்' வேண்டாமே

அண்ணாச்சி, நேத்து நீங்க எழுதுனதைப் படிச்சேன். செடிக்குள்ள ஆக்சின்ங்கிற வளர்ச்சி ஹார்மோன் ஒரே பக்கமாப் போறதை இங்கிலீஷ்ல போலார் டிரான்ஸ்போர்ட்னு சொல்லுதாங்கல்ல, அதுக்குத் தமிழ்ல 'துருவக் கடத்தல்'னே வச்சிருவோம், பழகுனா சரியாயிரும்னு சொன்னியள். எனக்கு மனசு ஒப்பலை. துருவம்னா பிள்ளையளுக்கு வடதுருவம் தென்துருவம்தான் ஞாபகம் வரும், 'முனைவு'ன்னு போட்டா கெமிஸ்ட்ரில படிச்ச முனைவுள்ள மூலக்கூறு வந்து குறுக்க நிக்கும். ரெண்டுமே ஆக்சின் எங்க போகுதுன்னு சொல்லலை.

நான் குலசேகரம் பக்கம் ஒரு சின்ன டிஷ்யூ கல்ச்சர் லேப்ல இருக்கேன், பாட்டில்ல செடி வளக்குற இடம், செவ்வாழையும் ஏத்தன் வாழையும்தான் கூடுதல். புதுசா வாற பிள்ளையளுக்கு நான்தான் சொல்லிக்குடுக்கணும், அதான் இந்த வார்த்தைக்கு இவ்வளவு மல்லுக்கட்டுதேன்.

நடக்குறது இதுதான். ஆக்சின் கொழுந்துல உண்டாகி செல் செல்லா தூரை, அதாவது தண்டு வேரோட சேர்ற பக்கத்தை, பாத்து இறங்கும், மணிக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். செல்லுக்கு வெளிய புளிப்பு, பிஹெச் 5.5 கிட்ட, உள்ள 7 கிட்ட, வெளிய இருக்கப்ப ஒரு பங்கு ஆக்சின் சார்ஜ் இல்லாம இருக்கதால சவ்வைத் தாண்டி வந்துரும், உள்ள வந்ததும் சார்ஜ் ஏறி மாட்டிக்கிடும், அப்புறம் வெளிய போகணும்னா வாசல் வேணும், அந்த வாசல் தூர்ப்பக்கமாத்தான் இருக்கு. 1974, 75ல இந்தக் கணக்கைப் போட்டப்ப அந்த வாசல் எந்தப் புரதம்னே தெரியாது, அது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்தான். (அந்தப் புரதத்துக்கு இங்கிலீஷ்ல பின் (PIN)னு பேரு, அதை 'பின் புரதம்'னு எழுதாதீங்க, பின்னாடி வர்ற புரதம்னு வாசிப்பாங்க. பூ இல்லாம ஊசி மாதிரி மொட்டையா நின்ன செடியில இருந்து வந்த பேரு அது, 'ஊசித்தண்டுப் புரதம்'னா நல்லா இருக்கும்.)

இதுல முக்கியமான விஷயம், தண்டுத்துண்டைத் தலைகீழா நிறுத்துனாலும் ஆக்சின் தன்னோட பழைய தூரைப் பாத்துத்தான் போகும், இப்ப அது மேல இருந்தாலும் சரி. எங்க தாத்தா மரச்சீனிக் கம்பு ஊனும்போது கண்ணு மேல பாத்து இருக்கணும்ல, தலைமாத்தி ஊனிரப்பிடாதுன்னு சத்தம் போடுவாரு, காரியம் இதேதான்.

அதனால இப்படித் தூரைப் பாத்துப் போறதுக்கு அக்கா சொன்ன 'அடிநோக்கு'ம் எனக்குச் சரிப்படலை, கம்பைக் கவுத்தா அடி எது? கீழ இருக்கது அடின்னு ஆயிரும். தூர் அப்படி மாறாது, கவுத்துப் பிடிச்சாலும் தூர் தூர்தான். எங்க பக்கத்துல மூடுன்னு சொல்லுவோம், வாழை மூடு, தெங்கு மூடுன்னு, எனக்கு அதுதான் வாய்க்கு வருது, ஆனா மத்த ஜில்லாக்காரங்க கதவை மூடுன்னு நினைப்பாங்க. அதனால தூரைப் பாத்துப் போறதுக்கு, இங்கிலீஷ்ல பேஸிபெட்டல்னு சொல்லுறதுக்கு, 'தூர்நோக்குக் கடத்தல்', பொதுவா போலாருக்கு 'ஒருபோக்குக் கடத்தல்'. 'ஒருமுகம்' வேண்டாம், அது மனசை ஒருமுகப்படுத்துறதுக்குப் போயிருச்சு.

பாட்டில்ல செடிக்குச் சத்தா ஊத்துற மீடியத்துல நாங்க போடுற பிஏபிக்கு இந்தப் பேரு ஒட்டாது. அது சைட்டோகைனின்ங்கிற வேற வகை ஹார்மோன், வெட்டுன தூர் வழியா ஏறிப் போகும், ஒருபோக்கு வாசல் கிடையாது. மேல இருந்து இறங்குற ஆக்சின் பக்கக் கன்னை அமுக்கி வைக்கும், பிஏபி அதைத் தட்டி எழுப்பும். நுனியை நடுவுல கீறி விட்டா கன்னு நிறைய வெடிக்குறதும் இதனாலதான். ரெண்டுக்கும் ஒரே 'கடத்தல்'னு பொதுவா எழுதுனா இந்த மல்லுக்கட்டு மறைஞ்சே போயிரும்.

வேர்லதான் எனக்குச் சிக்கல். அங்க ஆக்சின் நடுவழியா வேர்நுனிக்குப் போய், ஓரமா திரும்பி வருது, அதை 'நுனிநோக்கு'ன்னா தண்டு நுனியா வேர் நுனியான்னு கேள்வி வருது. இங்கிலீஷ்லயே இந்தக் குழப்பம் இருந்து, 2010ல ரூட்வர்டு, ஷூட்வர்டுன்னு மாத்திச் சொல்லலாம்னு எழுதுனாங்க. நமக்கு 'வேர்நோக்கு', 'குருத்துநோக்கு'ன்னு வச்சா தூர்நோக்கையே விட்டுரலாமா? ஆனா பாட்டில்ல இருக்க குருத்துக்கு வேரே இன்னும் வரலையே அண்ணாச்சி, அதுக்கு என்ன சொல்லுதியள்?